மனாவுஸுக்கு ரோடு போட்டால் ஆற்றுக் கப்பல் நின்றுவிடுமா?

2 மார்ச் 2025, இரவு 9.40

கேள்வி செம்பனை லோரி ஓட்டும் ஒரு தம்பியுடையது. அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "அண்ணே, பிரேசில் நம் மலேசியாவைப் போல 25 மடங்கு. விமானமே செய்து விற்கிற நாடு. 20 லட்சம் பேர் இருக்கிற மனாவுஸுக்கு ஒழுங்காக ஒரு ரோடு போட முடியாதா? போட்டுவிட்டால் ஆற்றுக் கப்பல் எல்லாம் நின்றுபோகும்தானே, நம் தெலுக் இந்தானில் நின்றுபோன மாதிரி?"

நிற்காது என்பதுதான் என் பதில். 27 வருஷம் எண்ணெய் டேங்கர் ஓட்டியவன் நான். ரோடுதான் எனக்குச் சோறு போட்டது. ஆனாலும் மனாவுஸ் இருக்கிற அமேசான் காட்டுப் பக்கம் ரோடு ஆற்றை வெல்லாது. அங்கே ஆறுதான் நெடுஞ்சாலை. தார் வேண்டாம், பாலம் வேண்டாம், டோல் வேண்டாம், யாரும் பழுது பார்க்கவும் வேண்டாம்.

3 மார்ச் 2025, காலை 7.15

நேற்று எழுதியதற்குக் கணக்கு வேண்டும் என்கிறார் தம்பி. சரி.

கடலிலிருந்து மனாவுஸ் ஏறக்குறைய 1,500 கி.மீ. உள்ளே இருக்கிறது. அவ்வளவு தூரமும் பெரிய கடல் கப்பலே ஏறி வரும். இன்னும் மேலே போனால் பெரு நாட்டு இக்கித்தோஸ், கடலிலிருந்து 3,700 கி.மீ. அந்த ஊரே கடல் மட்டத்துக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 3,700 கி.மீ.க்கு 100 மீட்டர்! தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுகிறவர்களுக்கு இதன் அர்த்தம் சொல்லாமலே விளங்கும். தண்ணீர் கிட்டத்தட்ட சமதளத்தில் கிடந்து நகர்கிறது. 800 கி.மீ. உள்ளே இருக்கிற ஓபிதோஸ் வரை கடலின் ஏற்றவற்றம் தெரியுமாம். நம் பேராக் ஆற்றின் மொத்த நீளத்தைப் போல இரண்டு மடங்கு அது.

அடுத்தது பாரம். அமேசானில் வந்து சேரும் மதெய்ரா ஆற்றில் சோயா ஏற்றி வரும் பார்ஜு, அதாவது தட்டையான சரக்குப் படகு, ஒன்றில் ஏறக்குறைய 2,000 டன் பிடிக்கும். அப்படி 16, 20 பார்ஜுகளைச் சேர்த்துக் கட்டி, பின்னாலிருந்து ஒரு இழுவைப் படகு தள்ளிக்கொண்டு வரும். என் டேங்கரில் ஏற்றியது 30 டன்னுக்குச் சற்று மேல். ஒரு பார்ஜுக்கே அறுபது டேங்கர் ஓட வேண்டும். அறுபது டிரைவர், அறுபது இஞ்சின், எத்தனை டயர் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

3 மார்ச் 2025, மாலை

"பழுது பார்க்க வேண்டாம்" என்று எழுதியது தப்பு. மணல் திட்டு நகர்ந்துகொண்டே இருக்கும், தூர் வாராமல் எந்த ஆறும் வழிவிடாது என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்துவிட்டு இதை நான் மறந்திருக்கக் கூடாது.

5 மார்ச் 2025

தெலுக் இந்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தம்பியின் ஒப்பீடு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தோட்டம் ஊத்தான் மெலிந்தாங் போகும் வழியில். இப்போது முழுக்கச் செம்பனை. அப்பா காலத்தில் பாதிக்கு மேல் கித்தா, அதாவது ரப்பர். அப்போது ஊர் பெயர் தெலுக் ஆன்சன். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பல் போகும் துறைமுகம் அது. 1893-லேயே தாப்பா ரோடிலிருந்து இரயிலைக் கொண்டுவந்து பேராக் ஆற்றங்கரையில் நிறுத்தினார்கள் என்றால் அந்த ஆற்றின் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கோபுரம்கூட 1885-இல் தண்ணீர்த் தொட்டிக்காகக் கட்டியதுதான். கித்தா ஷீட் கட்டுகளைத் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏற்றியதைத் தாத்தா பார்த்திருக்கிறார். ஆற்று வாடையும் புகைபோட்ட கித்தா வாடையும் கலந்து வரும் என்பார்.

அது ஏன் நின்றது? ஆறு கெட்டுப்போனது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நம் நாட்டின் உருவம். தீபகற்பம் ஒல்லி. எந்தத் தோட்டத்திலிருந்து கிளம்பினாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஒரு கடற்கரை வந்துவிடும். கடலோடு ஒட்டி வடக்கு தெற்காக ஒரு ரோடு போட்டால் போதும். 1994-இல் பிளஸ் நெடுஞ்சாலை புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை முழுதாகத் திறந்தபோது என் வாழ்க்கையே மாறியது. அதற்கு முன் தெற்கே பாசிர் கூடாங் துறைமுகம் போவது ஒரு முழு இரவு வேலை. சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு ஊருக்குள்ளும் புகுந்து புகுந்து போக வேண்டும். சாமான் லோரி பின்னால் மாட்டினால் அவ்வளவுதான். நெடுஞ்சாலை வந்த பிறகு விடிவதற்குள் இறக்கிவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

பிரேசிலில் அந்த மாதிரி ஒற்றை ரோடு எடுபடாது. காடு நடுவில், கடல் எங்கோ. ஆறுகள் மட்டும் உள்ளங்கை ரேகை போல எல்லாப் பக்கமும் ஓடுகின்றன.

8 மார்ச் 2025, இரவு

பி.ஆர். 319 பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ரோடு. நேரில் பார்த்ததில்லை. அதில் ஓட்டுகிற டிரைவர்கள் போடும் காணொளிகளை மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

மனாவுஸிலிருந்து தெற்கே போர்ட்டோ வெல்யோ வரை, ஏறக்குறைய 885 கி.மீ. மனாவுஸைத் தெற்கே உள்ள நாட்டின் பெரும்பகுதியோடு நிலத்தால் இணைப்பது இது ஒன்றுதான். இராணுவ ஆட்சி 1970-களில் காட்டுக்குள் தார் ஊற்றி, 1976-இல் திறந்தது. 1988-க்குள் ரோடு போய்விட்டது. வாகனம் போக முடியாமல் கைவிட்டார்கள். பன்னிரண்டே வருஷம். பிறகு இரண்டு முனையிலும் சரிசெய்தார்கள். நடுவில் 400 கி.மீ. இன்னும் மண்தான்.

ஏன் போனது என்று எனக்குத் தெரியும், தோட்டத்து ரோட்டில் ஓட்டிய எவனுக்கும் தெரியும். மழை பெய்யும் நாட்டில் ரோட்டின் உயிர் தாரில் இல்லை, அடியில் போடும் கல்லிலும் பக்கத்தில் வெட்டும் கானிலும், அதாவது வடிகாலிலும், இருக்கிறது. அமேசான் தாழ்நிலத்தில் கல் கிடைப்பதே அரிது, எல்லாம் களிமண். கானை வருஷா வருஷம் வெட்டாவிட்டால் தண்ணீர் தாருக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே பார்த்தால் நல்ல ரோடு, லோரி ஏறினால் பொசுக்கென்று உள்ளே போகும்.

எனக்கு அது நடந்தது ஒரு ஆலையில், பெயர் வேண்டாம். நவம்பர் மாதம், ஐந்து நாள் மழை. ஆலை வாசலிலிருந்து முதன்மைச் சாலை வரை 3 கி.மீ. செம்மண். கானைத் தூர்க்கவிட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டேங்கர் நிறைய எண்ணெயோடு இடது பக்கச் சக்கரம் இறங்கிச் சாய்ந்து நின்றுவிட்டது. கவிழ்ந்தால் நான் அடியில். கதவைத் திறந்து மேல் பக்கமாக ஏறிக் குதித்தேன். இரண்டு டிராக்டர் வந்து இழுத்து, மறுநாள் மத்தியானம்தான் வெளியே வந்தது. மூன்றே கிலோமீட்டர். இதை 400 கி.மீ.க்கு நீட்டிப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த ரோடு தொடங்குவதே ஆற்றில்தான். மனாவுஸ் ஒரு கரை, ரோடு எதிர்க்கரையில் கரெய்ரோவில். நடுவில் அமேசானைத் தாண்டப் பாலம் கிடையாது, லோரியைப் ஃபெரியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ஒரு பக்கம் கறுப்புத் தண்ணீர், ஒரு பக்கம் பழுப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடம் அது.

இதைக் கோப்பிக் கடையில் சொன்னபோது என் கூட்டாளி, "அட, ரோடே படகேறித்தான் ஊருக்கு வருகிறதா!" என்றார். கடையே சிரித்தது. நானும்தான்.

11 மார்ச் 2025

பேச்சு வேறு பக்கம் போகிறது, போகட்டும். இதைச் சொல்லாமல் என்னால் மேலே எழுத முடியாது.

பி.ஆர். 319 முடிகிற போர்ட்டோ வெல்யோ என்ற ஊர் பிறந்ததே ஓர் இரயில் பாதைக்காக. மதெய்ரா ஆற்றில் அந்த ஊர் வரை கப்பல் வரும். அதற்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குப் பாறையும் நீர்ச்சரிவும். பொலிவியாக் காட்டு ரப்பரைக் கீழே கொண்டுவர வழி இல்லை. எனவே ஆறு விட்ட இடத்தை மட்டும் இட்டு நிரப்ப 366 கி.மீ. தண்டவாளம் போட்டார்கள், 1907 முதல் 1912 வரை. பல நாடுகளிலிருந்து 20,000-க்கும் மேற்பட்ட கூலியாட்கள். மலேரியாவிலும் மஞ்சள் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். சாத்தான் இரயில் என்றே பெயர்.

பாதை திறந்தது 1912. அடுத்த வருஷமே, 1913-இல், ஆசியாவின் தோட்டக் கித்தா உற்பத்தியில் காட்டு ரப்பரை முந்திவிட்டது. விலை விழுந்தது. அவ்வளவு பேர் செத்துப் போட்ட பாதையில் ஏற்றுவதற்குச் சரக்கு போதவில்லை.

அந்தத் தோட்டக் கித்தாவை வெட்டியது யார்? நம் ஆட்கள். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, பந்தம் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போனவர்கள். அந்த மரமும் அங்கிருந்து வந்ததுதான். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர், அமேசானில் சேரும் தபஜோஸ் ஆற்றுப் பக்கமிருந்து 70,000 விதைகளைக் கப்பலேற்றி இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது 3,000-க்கும் குறைவு. அதிலிருந்து வந்த கன்றுகளில் ஒன்பதை 1877-இல் கோலாகங்சாரில் நட்டார்கள்.

பேராக் ஆற்றங்கரையில் நட்ட மரம் மதெய்ரா ஆற்றங்கரை இரயிலைப் படுக்கவைத்தது. தோட்டத்துப் பள்ளியில் வாத்தியார் இதைச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அன்று பிடித்த பைத்தியம் இது.

11 மார்ச் 2025, இன்னும் கொஞ்சம்

அங்கே காட்டில் பால் வெட்டுகிறவர் நடக்கிற ஒற்றையடிப் பாதைக்கு என்ன பெயர் தெரியுமா? எஸ்த்ராதா. போர்த்துகீசிய மொழியில் சாலை என்று அர்த்தம். நெடுஞ்சாலைக்கும் அதே சொல். காட்டில் மரங்கள் தூரம் தூரமாக நிற்பதால், ஒரு பாதையில் நூறு, நூற்றைம்பது மரங்கள்தான் தேறும். பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து போய்த் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும். காலையில் ஒரு சுற்று வெட்டிக்கொண்டு போவார்கள், மறுபடி ஒரு சுற்று பால் எடுத்துக்கொண்டு வருவார்கள். அப்பாவின் நிரையில் 500 மரத்துக்குக் குறையாது, எல்லாம் வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம். ஆனால் வேலை ஒன்றுதான்: இருட்டு, கத்தி, பால் பிடிக்கும் மங்கு, கொசு.

14 மார்ச் 2025

வரிசையாக நட்டால் அங்கேயும் விளைந்திருக்குமே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நட்டுப் பார்த்தார்கள். ஹென்றி ஃபோர்டு 1928-இல் அதே தபஜோஸ் ஆற்றங்கரையில் ஒரு நகரமே கட்டினார், ஃபோர்ட்லாந்தியா. மரங்களை நெருக்கி நட்டதும் இலைக்கருகல் நோய் மரத்துக்கு மரம் தாவியது. 1945-இல் விற்றுவிட்டுப் போனார். காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதே அந்த நோயிலிருந்து தப்பிக்கத்தான். அந்த நோய் நம் பக்கம் வராதது நமக்குக் கிடைத்த பெரிய பாக்கியம்.

15 மார்ச் 2025, தூக்கம் வரவில்லை

தாத்தாவின் தம்பி சயாம் இரயிலுக்குப் போனவர். திரும்பவில்லை. 1942, 43-இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கி.மீ. பாதை போட ஜப்பான்காரன் தோட்டங்களில் புகுந்து ஆள் பிடித்ததைப் பற்றி நம் வீடுகளில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

புதிதாகத் தெரிந்துகொண்டது இது. மலாயா ஜப்பானிடம் விழுந்ததும் அமெரிக்காவுக்குக் கித்தா வரத்து நின்றது. பிரேசிலோடு ஒப்பந்தம் போட்டார்கள். வறட்சியில் காய்ந்துகிடந்த வடகிழக்கிலிருந்து, சியாரா போன்ற மாநிலங்களிலிருந்து, 50,000-க்கும் மேற்பட்டவர்களை ஆற்று வழியே அமேசான் காட்டுக்குள் அனுப்பினார்கள். கித்தாப் படைவீரர்கள் என்று பெயர். ஆயிரக்கணக்கானவர்கள் காய்ச்சலிலும் பசியிலும் காட்டிலேயே போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு மாத உதவித்தொகை கிடைத்தது 1988 அரசியல் சாசனத்தில்தான்.

இங்கே என் சின்னத் தாத்தா பால் வெட்டை விட்டுத் தண்டவாளத்துக்குப் போன அதே காலத்தில், அங்கே யாரோ ஒருவர் மண்வெட்டியை விட்டுப் பால் வெட்டப் போயிருக்கிறார். ஒரே சண்டை, ஒரே மரம். இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்திருக்காது.

22 மார்ச் 2025

முதல் நாள் எழுதியதை இன்று பாதி திரும்பப் பெறுகிறேன்.

ஆறு கைவிடாது என்ற நினைப்பில்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். மனாவுஸ் துறைமுகத்தில் 1902-இலிருந்து, அந்த ஊர் நிற்கும் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர்மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். 2021 ஜூனில் 30 மீட்டரைத் தாண்டியது, அதுவரை காணாத வெள்ளம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டர், அதுவரை காணாத வறட்சி. அடுத்த வருஷமே அதையும் உடைத்து 12.11 மீட்டர். மூன்றே வருஷத்தில் உச்சமும் பாதாளமும். 2023-இல் தெஃபே ஏரியில் தண்ணீர் கொதிப்பாகி நூற்றுக்கும் மேற்பட்ட ஆற்று ஓங்கில்கள் செத்து மிதந்தன.

கொள்கலக் கப்பல் மனாவுஸ் வரை ஏற முடியவில்லை. பிரேசிலின் மோட்டார் சைக்கிள்கள் ஏறக்குறைய எல்லாமே தயாராவது அந்த ஊரில். உதிரிப்பாகம் வராமல் தொழிற்சாலைகள் விடுமுறை விட்டன. 2024-இல் கீழே இத்தக்வாத்தியாராவில் மிதக்கும் துறை கட்டி, பெரிய கப்பலை அங்கே நிறுத்தி, சரக்கைச் சின்னப் பார்ஜுகளுக்கு மாற்றினார்கள். மதெய்ரா இன்னும் மோசம். போர்ட்டோ வெல்யோவில் 2014 வெள்ளத்தில் 19 மீட்டருக்கும் மேலே நின்ற தண்ணீர், 2024-இல் ஒரு மீட்டருக்கும் கீழே.

ஆற்றோரக் கிராமங்களில் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. குடிதண்ணீர்ப் புட்டியைத் தலையில் சுமந்து, ஆறு ஓடிய இடத்தில் மணல்வெளியில் நடந்து போகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு, அவர்களிடம் போய் "உங்களுக்கு ரோடு எதற்கு?" என்று கேட்க எனக்கு வாய் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்படி ஆஸ்பத்திரி போவது? தம்பி, உங்கள் கேள்வியை நான் அன்று கொஞ்சம் அவசரமாகத் தள்ளிவிட்டேன்.

23 மார்ச் 2025

ரோடும் கைவிடும் என்று ஒருவர். உண்மை. 2022 செப்டம்பரில் பி.ஆர். 319-இல் குருசா ஆற்றுப் பாலம் வாகனங்களோடு இடிந்து விழுந்தது, அடுத்த பத்து நாளில் அதே ரோட்டில் இன்னொரு பாலம்.

30 மார்ச் 2025

காட்டைப் பற்றிப் பேசாமல் ரோட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன் என்று மகள் சொல்கிறாள். அவள் சொல்வது சரி.

1970-இல் வடகிழக்கில் கடும் வறட்சி. நிலம் இல்லாதவர்களை ஆள் இல்லாத நிலத்துக்குக் கொண்டுபோகிறோம் என்று கிழக்கு மேற்காக 4,000 கி.மீ.க்கு அமேசான் குறுக்குச் சாலை போடத் தொடங்கினார்கள். குடும்பத்துக்கு 100 ஹெக்டர். ஆனால் அது ஆளில்லாத நிலம் இல்லை, பழங்குடிகள் வாழ்ந்த காடு. சாலைக்காரர்கள் கொண்டுபோன சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் அவர்களைக் கொன்றன. குடியேறியவர்களுக்கும் அந்த மண்ணில் நெல் சரியாக வரவில்லை. பலர் விட்டுப் போய்விட்டார்கள். இன்றும் பெரும்பகுதி மண் ரோடு.

1984-இல் ரொந்தோனியா மாநிலம் வழியாகப் போகும் பி.ஆர். 364-க்குத் தார் போட்டார்கள். ரோட்டின் இரு பக்கமும் கிளை ரோடு, கிளைக்குக் கிளை. விண்ணிலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் சாப்பிட்டுப் போட்ட மீன்முள் மாதிரி இருக்கும். ஆறு கரையை மட்டும்தான் மனிதனுக்குத் திறந்துவிடுகிறது. ரோடு உள்காட்டையே திறந்துவிடுகிறது. பி.ஆர். 319-க்கு முழுதும் தார் போடக் கூடாது என்று எதிர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான்.

எனக்கு இதில் தடுமாற்றம் உண்டு. நான் பிறந்த தொழிலாளர் லயமே காட்டை வெட்டிப் போட்ட தோட்டத்தில்தான் இருந்தது. காட்டை விடு என்று அவர்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஆனாலும் மண்வாகு தெரிந்தவனாக ஒன்று சொல்லலாம். காட்டை வெட்டிய பக்கம் எங்கள் தோட்டத்துக் கால்வாயில் மழைநாளில் சேற்றுத் தண்ணீர் வரும், காடு மிச்சமிருந்த பக்கம் தெளிந்து வரும். அந்தச் சேறு போய்ச் சேருவது ஆற்றில்தான்.

6 ஏப்ரல் 2025

டிரைவர்களுக்காக ஒரு குறிப்பு. மத்தோ குரோசோ மாநிலத்தில் விளையும் சோயா, முன்பு தெற்கே சந்தோஸ் துறைமுகத்துக்கு ஏறக்குறைய 2,000 கி.மீ. லோரியில் போகும். பி.ஆர். 163-க்கு 2020 தொடக்கத்தில், தபஜோஸ் ஆற்றங்கரை ஊரான மிரிதித்துபா வரை தார் போட்டு முடித்தார்கள். இப்போது வடக்கே சுமார் 1,000 கி.மீ. ஓட்டினால் தபஜோஸ் ஆறு. அங்கே கொட்டிவிட்டால் பார்ஜு கடல் வரை கொண்டுபோகிறது. அறுவடை நேரத்தில் லோரி வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்குமாம். குளிக்க இடமில்லை, கழிப்பறை இல்லை என்று டிரைவர்கள் புலம்புகிறார்கள். பட்டர்வொர்த்தில் எண்ணெய் இறக்கக் காத்துக்கிடந்த இரவுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு இந்த ஊர்தான் என் பதில். நல்ல ரோடு வந்ததால்தான் அங்கே ஆற்றில் பார்ஜு கூடியது. விக்கம் விதை எடுத்த ஆறு, ஃபோர்டு தோற்ற ஆறு. இப்போது சோயா ஆறு.

19 ஏப்ரல் 2025

நேற்று அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு கோலாகங்சார் போய் வந்தேன். 1877-இல் நட்டதில் மிஞ்சிய ஒரே மரம் வேலிக்குள் நிற்கிறது. அடிமரம் முண்டும் முடிச்சுமாக, பழைய வெட்டுகள் ஆறித் தடித்துப்போய். தம்பி பிறந்தது செம்பனைக் காலத்தில், கித்தா மரத்தை அவர் கிட்டத்தில் பார்ப்பதே முதல் தடவை. எங்கே வெட்டுவார்கள், எந்தப் பக்கம் சாய்த்து வெட்டுவார்கள் என்று கேட்டார். வேலிக்கு வெளியே நின்று விரலால் காற்றில் காட்டினேன்: இடது மேலிருந்து வலது கீழாக. அப்பா காட்டிக்கொடுத்த மாதிரி.

பிறகு ஆற்றங்கரைக்குப் போய் ஆளுக்கொரு தே குடித்தோம். தண்ணீர் குறைவாகத்தான் ஓடியது. மனாவுஸில் இப்போது ஏறுகாலம், ஜூன் வரை ஏறும். துறைமுகத்தில் தினமும் போடும் நீர்மட்டத்தை எங்கே பார்ப்பது என்று அவர் கைப்பேசியில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.